திரைச்சீலையில் விழுந்த சிவப்பு

மகன் ரிஸ்வான், மகள் சஹானா,

முந்தநாள் சோறு தின்னும்போது, ரிஸ்வான், நீ ஒரு கதை சொன்னாய். மீட்டர் லைட் எரியாத ஒரு ஓட்டோவுக்குச் சாவி லைனில் இருந்து டிரெக்ட் கொடுத்து, ஆளைக் கெதியாய் அனுப்பிவிட்டதாகச் சொன்னாய். உம்மாவுக்குச் சந்தோசம். சஹானா, நீயும் "கெட்டிக்காரன்" என்றாய். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். சோத்துக் கோப்பைக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. வாயால் சொன்னால் கோபமாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். ரிஸ்வான், நீ கராஜைப் பொறுப்பெடுத்துவிட்டாய்; சஹானா, நீ வாகன மின்சாரம் படிக்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் சஹானா திருத்திக்கொள், விசயத்தை மட்டும் திருத்தாதே.

டிரெக்ட் கொடுப்பதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அந்த வேலையை வைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். சண்டைக் காலத்தில் பாதை மூடினால் இந்தக் கரைக்கு ஒரு சுவிச்சு வராது, ஒரு முழம் நல்ல வயர் வராது. செத்த லைனை அப்படியே விட்டுவிட்டு, கரண்ட் இருக்கிற வேறு லைனில் இருந்து ஒரு வயரை இழுத்து வாகனத்தை ஓடவிடுவோம். சுனாமிக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த எத்தனையோ வேன்கள் அப்படித்தான் மறுபடி ஓடின. டிரெக்ட் கொடுக்கத் தெரியாத வயரிங் பாஸிடம் கல்முனையில் ஒருத்தரும் வாகனம் விடமாட்டார்கள். பாதை திறந்து, சாமான் எல்லாம் தாராளமாய் வந்த பிறகும் எங்கள் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. என் கைக்கும் போகவில்லை.

இது நடந்தபோது, ரிஸ்வான், நீ கட்டாரில் இருந்தாய். சஹானா சின்னப் பிள்ளை. நோம்பு மாதம், கடைசிப் பத்து. பெருநாளைக்கு முந்தி எல்லாருக்கும் எல்லாம் எரிய வேண்டும். கராஜ் வாசலில் ஹனிபா காக்காவின் மீன் லொறி நின்றது. பெருநாளைக்கு லொறிக் கூண்டைச் சுற்றிக் கலர் லைட் போட வேண்டும் என்று அவர் காலையில் இருந்து காவல். எனக்கு நோம்புத் தாகம், நாக்கு ஒட்டுகிறது. வேலையைப் பிடிவாதத்தில் செய்துகொண்டிருந்தேன்.

அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பெரிய வெள்ளை வாகனம் பின்பக்கமாக உள்ளே வந்தது. வெளிநாட்டுக்காரர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிற மாதிரி வாகனம். நாங்கள் அதை வீட்டு வேன் என்போம். பழசு. ஓரமெல்லாம் உப்புக்காற்று தின்றிருந்தது. பின்னால் வரும்போது பின் விளக்குகள் சுவரில் சிவப்பாய் அடித்ததைப் பார்த்தேன். பின்பக்கம் சரி என்று மனம் அப்போதே எழுதி வைத்துக்கொண்டது. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஹனிபா காக்கா வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாஸ், இது கப்பலா வீடா? முன்வாசல் எந்தப் பக்கம் இரிக்கி?" என்று கேட்டார்.

உள்ளே இருந்து ஒரு பெண் குரல்: "முன்வாசல் இந்தப் பக்கந்தான் காக்கா. வீட்டுக்காரி படுத்திருக்கன், செருப்பக் கழட்டிட்டு வாங்க."

காக்கா வாயைப் பொத்திக்கொண்டு லொறிப் பக்கம் போய்விட்டார்.

ஓட்டி வந்தவர் யோகன், தம்பிலுவில் ஆள். பொத்துவில் பக்கம் ஒரு விடுதியில் சாரதி. உள்ளே படுத்திருந்தது அவருடைய மனைவி சாந்தி. இரண்டு வருசத்துக்கு முந்தி மோட்டார் சைக்கிளில் போகும்போது மாடு குறுக்கே பாய்ந்து விழுந்தவர்கள். ஓட்டியவர் யோகன், அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்த சாந்திக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பயணம் போக ஏலாது, படுத்தால்தான் போகலாம். விடுதிக்காரர் மூலையில் போட்டு வைத்திருந்த இந்த வீட்டு வேனை யோகனுக்குக் கொடுத்துவிட்டார். மாதம் ஒரு தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவது அதில்தான்.

"நானா, சின்ன வேலதான்," என்றார் யோகன், அண்ணன் என்னாமல் எங்கள் முறையில் கூப்பிட்டு. "முன்னால டெஸ்போட் லைட் எரியுதில்ல, மீட்டர் ஒண்டும் தெரியுதில்ல. விடியக் கண்டியில கிளினிக். பகல் வெக்கையில இவவக் கொண்டு போக ஏலாது, இண்டைக்குப் பொழுதுபட வெளிக்கிடணும். மகியங்கனை ஏத்தத்தில எஞ்சின் சூடாகிற வாகனம் இது. அந்தச் சூட்டு முள்ளப் பாக்காம ஏறினா நடுக்காட்டில நிக்க வேண்டியதுதான்."

"இவ்வளவு நாளும் எப்பிடித் தம்பி ஓட்டினீங்க?"

"போன ரெண்டு மாசமும் வாயில டோர்ச்சக் கவ்விக்கிட்டு ஓட்டினன்."

"அந்த ரெண்டும்தான் நானா இவர் என்னோட சண்டை பிடிக்காம வந்த பயணம்," என்றது உள்ளே இருந்த குரல்.

பல்புகளைப் பார்த்தேன், எல்லாம் நல்லது. பியூஸ் எரிந்திருந்தது. புதுசு போட்டேன். டெஸ்போட் முழுவதும் மஞ்சளாய் எரிந்தது. யோகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையை விடுவதற்குள் அணைந்தது. பியூஸ் போய்விட்டது. இன்னொன்று போட்டேன், எரிந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், எரிந்துகொண்டே இருந்தது. சரியென்று எழும்பினேன், போனது. தொட்டால் எரிகிறது, விட்டால் போகிறது. எங்கே என்று பிடிபடவில்லை. வெயில் சாய்ந்துகொண்டு வந்தது.

"பெரிய பியூஸா ஒண்டப் போட்டு அனுப்புங்களன் பாஸ்," என்றார் ஹனிபா காக்கா. "நோம்பு திறக்கிற வரைக்கும் இதயே கிண்டிக்கிட்டு இரிக்கப் போறீங்களா? என்ட லைட்டு என்னாச்சி?"

அதை மட்டும் நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. பெரிய பியூஸ் போட்டால் பியூஸ் எரியாது, வயர் எரியும். உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது, எழும்பி ஓட ஏலாத மனிசி படுத்திருக்கிறா.

யோகன் மணிக்கூட்டைப் பார்த்தார். "நானா, அப்ப டிரெக்ட் ஒண்டக் குடுங்க. எனக்கு அந்த முள்ளு தெரிஞ்சாப் போதும். மிச்சத்த வந்து பாப்பம்."

பிள்ளைகளே, அந்த நேரம் என் மனம் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன். டெஸ்போட் லைட் என்ன பெரிய கரண்டா தின்னப்போகிறது? சாவி லைனில் இருந்து ஒரு மெல்லிய வயர் போதும். அவர் கேட்பதும் அதுதான். எனக்கும் தாகம். வாசலில் காக்கா. வயரை வெட்டிக் கையில் எடுத்துவிட்டேன், தோலையும் பல்லால் உரித்துவிட்டேன்.

அப்போது சாந்தி உள்ளே இருந்து கதைத்தா. "நானா, அவருக்கு லைட் குடுக்கக்குள்ள எனக்கும் சேத்து ஒண்டு தாங்க. என்ட சீலை இப்ப சிவக்கிறதே இல்ல."

யோகன் சலித்துக்கொண்டார். "சும்மா கிட சாந்தி, அவர் வேல செய்யட்டும்."

நான் சும்மா விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. "என்ன சீலை தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டு பக்கக் கதவால் எட்டிப் பார்த்தேன்.

சாந்தியின் படுக்கை பின்சுவரைத் தொட்டு நீட்டுக்கு. கால்மாட்டில், பின்சுவரில், ஒரு ஜன்னல், அதில் ஒரு வெள்ளைத் திரைச்சீலை. படுத்தபடி அவ பார்க்கக்கூடியது அந்தச் சீலை ஒன்றைத்தான். வாகனத்தின் பின் விளக்குகள் அந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் உயரத்தில் இருந்தன; எரிந்தால் அந்தச் சிவப்பு ஓரத்தால் சீலையில் விழும்.

"முந்தி இருட்டில போகக்குள்ள இந்தச் சீலை பயணம் முழுக்கச் சிவப்பா இருக்கும் நானா. எனக்கு அது ஒரு துணை. வாகனம் ஓடுது, அவர் முன்னால இருக்கார் எண்டு தெரியும். போன ரெண்டு பயணமும் அப்பிடி இல்ல. அவர் பிரேக் போட்டா மட்டும் சிவக்கும், காலை எடுத்தா கறுத்துப்போகும். பல்பு பழசாப் போச்சாக்கும் எண்டு நானும் சொல்லல்ல."

வயர் என் கையில் அப்படியே இருந்தது.

படிக்கிற பிள்ளை சஹானாவுக்கு இது இப்போதே விளங்கியிருக்கும். அந்த வாகனத்தில் டெஸ்போட் வெளிச்சமும், பின்னால் நிரந்தரமாய் எரிய வேண்டிய சிவப்பும் ஒரே பியூஸில் இருந்து போகின்றன. பழைய வாகனங்கள் பலதில் அப்படித்தான். பிரேக் லைட்டுக்கு வேறு பியூஸ். உள்ளே வரும்போது சுவரில் நான் பார்த்த சிவப்பு பிரேக்கின் சிவப்பு. யோகனும் ஒவ்வொரு நாளும் வீட்டு மதிலில் அதையே பார்த்து நம்பியிருக்கிறார். இரண்டு மாதமாய் அந்த வாகனம் பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல், மகியங்கனை வளைவுகளில் ஆமை மாதிரி ஏறியிருக்கிறது. நான் மட்டும் டிரெக்ட் கொடுத்திருந்தால் யோகனுக்கு முள்ளு தெரியும், மனம் நிறைந்து போவார். மூன்றாம் தரமும் இருட்டில் ஏறுவார். பின்னால் ஒரு பஸ் வந்தால் முதலில் படுவது சாந்தியின் கட்டில்.

யோகனிடம் சொன்னேன். அவர் பின்னால் போய் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். ஹனிபா காக்காதான் கதைத்தார், இந்த முறை மெதுவாக. "நானும் அந்தப் பாதையாலதான் மீன் ஏத்திக்கிட்டுப் போற. ஐஸ் உருக முந்திப் போகணும் எண்டு எப்பிடி மிதிப்பன் தெரியுமா பாஸ்?" பிறகு, "என்ட லைட்டு நாளைக்கி ஆகட்டும்," என்றார்.

இனி பியூஸ் ஏன் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு பியூஸ் போட்டுவிட்டு எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொன்னேன். எரிந்துகொண்டே இருந்தது. நான் முன்னால் டெஸ்போட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, லைட் போனது.

"தங்கச்சி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்லயே. திரும்பிப் படுத்தன்."

"எப்பிடித் திரும்பினீங்க?"

"இந்தக் கம்பியப் பிடிச்சுத்தான்."

கட்டிலுக்கு மேலே பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கம்பி, குளியலறையில் துவாய் போடுகிற மாதிரிக் கம்பி, பூட்டியிருந்தது. கம்பியைக் கழற்றினேன். பின்பக்க ஸ்க்ரூ ஆணி என் நடுவிரல் நீளம். பலகையைத் தாண்டி உள்ளே போய், பின் விளக்குக்கு ஏறுகிற வயரைக் குத்தியிருந்தது. அவ கம்பியைப் பிடித்து இழுக்கும்போது ஆணி அசைந்து செம்பையும் வாகனத்தின் தகரத்தையும் ஒன்றாய்த் தொடும், பியூஸ் போகும். விட்டால் விலகும். ஆணியின் புரியில் செம்புத் துகள் மின்னியது.

"கம்பிய யாரு பூட்டின?" என்று கேட்க வாயெடுத்தேன், நல்ல காலம் கேட்கவில்லை. சாந்தியே சொன்னா. "இவர்தான் ரெண்டு மாசத்துக்கு முந்தி பூட்டித் தந்தவர். ஒவ்வொரு தரம் திரும்பவும் இவரக் கூப்பிடணும், இவர் நிப்பாட்டி இறங்கி வரணும். இப்ப என்ட பாட்டில திரும்புறன். கழட்டிராதீங்க நானா."

யோகன் வெளியே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். ஆணி என் உள்ளங்கையில். இதற்கு ஒரு பாடமும் ஒரு கல்லூரியிலும் இல்லை மகள். சொல்லாமல் விட்டு, "வயர் பழசு தம்பி, மாத்திட்டன்" என்று முடிக்கலாம். அந்த மனிசன் ஏற்கனவே ஒரு பாரத்தோடு திரிகிறார், அதற்கு மேல் நான் எதற்கு வைக்க? ஆனால் கம்பி தளர்ந்தால் அவர்தான் மறுபடி இறுக்குவார். அதைவிட நீளமான ஆணி தேடி வாங்கிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரியாமல் இருந்தால் அந்தக் கட்டிலுக்குப் பாதுகாப்பில்லை.

கிட்டப் போய்ச் சொன்னேன். "தம்பி, கம்பிய நல்ல இடத்தில பூட்டியிருக்கீங்க. ஆணிதான் நீளம் கூடிட்டு. வயரக் குத்தியிருக்கு."

ஆணியை வாங்கிப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு முன் டயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். "கழண்டு அவட தலையில விழுந்திரக் கூடாதெண்டுதான் நானா நீளமான ஆணியாத் தேடி வாங்கினன்." பிறகு, "அண்டைக்கும் நான்தான். இதுவும் நான்தான்," என்றார்.

உள்ளே சாந்திக்குக் கேட்டுவிட்டது.

"ஓய்! அங்க குந்தியிருந்து என்ன ஒப்பாரி வைக்கிறீங்க? மாடு குறுக்க பாஞ்சதுக்கு மாட்டோட போய்ச் சண்டை பிடிங்க. அந்தக் கம்பி இல்லாட்டி உங்கள ராவு முழுக்க எழுப்பி எழுப்பியே கொண்டிருப்பன். கம்பிய எடுத்தீங்களோ, நான் இறங்கி நடந்து ஊருக்குப் போயிருவன், சொல்லிப்போட்டன்."

முதலில் சிரித்தது யோகன்தான். முகத்தை உடுத்திருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கும் சிரிக்கத் துணிவு வந்தது.

மிச்சம் வேலை. வயரைப் பழைய இடத்தில் விடாமல், குழாய்க்குள் போட்டுச் சுவரின் மற்ற மூலையால் ஏற்றினேன். கம்பிக்குப் பின்னால் பலமாய் ஒரு பலகை வேண்டும் என்றேன். ஹனிபா காக்கா தன் மீன் பெட்டி ஒன்றை உதைத்து உடைத்து ஒரு பலகையைக் கொண்டுவந்தார்.

"காக்கா, கண்டி வரைக்கும் சுறா மணக்கப்போகுது," என்றா சாந்தி.

"நல்ல சுறாதான் தங்கச்சி, விலை கூடின சாமான்."

நீளம் குறைந்த கட்டை ஆணிகளை எடுத்தேன். பூட்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவரை யோகனிடம் கொடுத்தேன். அவர் கை நீட்டத் தயங்கினார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே பூட்டட்டும் என்றுதான். ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு உள்ளே போகிறது என்று என்னிடம் காட்டிக் காட்டிப் பூட்டினார். பிறகு கம்பியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை, லைட்டும் போகவில்லை.

பொழுது மங்கி வந்தது. பிரேக்கில் கால் வைக்காமல் நிரந்தரமாய் எரிகிற பார்க் லைட்டை மட்டும் போடச் சொன்னேன். ஹனிபா காக்கா பின்னால் போய் நின்று, "ரெண்டும் எரியிது பாஸ்!" என்று கத்தினார். டெஸ்போட்டில் முள்ளு தெரிகிறது என்று யோகன் முன்னால் இருந்து சொன்னார். நான் மூன்றாவது ஆளிடமும் கேட்டேன். "தங்கச்சி, உங்களுக்கு?"

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "சிவந்திட்டு நானா," என்றா.

ரிஸ்வான், வாகனத்தில் பிழை இருந்தால் சாரதியிடம் கேட்போம். சாரதி தன் கண்ணுக்கு முன்னால் உள்ளதைச் சொல்வார். உள்ளே வேறு யார் பயணம் போகிறார்கள் என்று பார், அவர்களிடமும் ஒரு வார்த்தை கதை. ஸ்கூல் வேன் என்றால் பின் சீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கேள். அந்த ஓட்டோவைத் திரும்பக் கூப்பிடு. லைட் ஏன் போனது என்று தெரியாமல் நீ டிரெக்ட் கொடுத்துவிட்டாய், அந்தச் செத்த லைனில் வேறு எது எரியாமல் கிடக்கிறது என்று போய்ப் பார். இதை நான் சோத்து நேரம் சொல்லியிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போதும் வரும்தான், பரவாயில்லை.

அன்றைக்கு உம்மா கராஜுக்கு நோம்புக் கஞ்சி அனுப்பியிருந்தா. யோகனும் சாந்தியும் அதைச் சாப்பிடலாமோ என்று யோசித்து, "கோழிதான் தங்கச்சி, மாடு இல்ல," என்று சொல்லி ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். "மாட்டோட எங்களுக்கு ஏற்கனவே கோவம், அதால கோழியே நல்லது," என்று சாந்தி வாங்கிக்கொண்டா. நானும் காக்காவும் ரோட்டோரம் நின்று, வீட்டு வேனின் இரண்டு சிவப்பும் பள்ளிவாசல் திருப்பத்தில் மறையும் வரை பார்த்தோம். பாங்கு சொல்லும்போது அங்கேயே தண்ணீரில் நோம்பு திறந்தோம். காக்கா லொறியை எடுத்துக்கொண்டு போனார். வழமையாக ஹோர்ன் அடித்துத்தான் போவார், அன்றைக்கு அடிக்கவில்லை.

மஃரிப் தொழுதுவிட்டுக் கராஜைப் பூட்ட வந்தேன். ஒருத்தரும் இல்லை. மூலையில் ஒரு ஸ்கூல் வேன் வேலைக்கு நின்றது, பின்பக்கம் சுவரை ஒட்டி. அதன் பின் ஜன்னலிலும் ஒரு சீலை இருந்தது. நான் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஏறினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசி சீட்டுக்கு முன்னால் தரையில் மல்லாக்கப் படுத்தேன். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிச் சீலையில் விழுந்தது. சீலை முழுவதும் சிவப்பு. கராஜில் இவ்வளவு வருசம் கிடந்து நான் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேனின் பெற்றறி இறங்கும் என்று தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் அணைக்காமல் கிடந்தேன்.